எந்த நிலையிலும் குறையாது

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதில் தண்ணீர்க் குழாய் போகிற ஓட்டையைக் கொத்தனார் சரியாக அடைக்காமல் போய்விட்டார். கதை அந்த ஓட்டை வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒட்டுக்கேட்பதென்றால் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். (குழாயை மூடிவிட்டுக் கழுவினேன் என்பது வேறு விஷயம்.)

முதல் வரி மட்டும் மூன்று தடவை எழுதினேன்.

"ஒரு ப்ராசசர் தன் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பதை —" வேண்டாம். இப்படித் தொடங்கினால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மீதிப் பாதி, என் தப்பைப் பிடிக்கவென்றே உட்கார்ந்து படிப்பீர்கள்.

"அவள் கைகள் நடுங்கின —" நடுங்கவில்லை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நடுங்கியிருந்தால் விரல் போயிருக்கும்.

"ஒரே ஒரு எண்ணால் ஒரு மனிதனின் வேலை போனது —" போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும் எண்ணம் எனக்கில்லை. போகவிருந்த வேலை எப்படித் தப்பியது, தப்பிய பிறகும் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக்காரரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பதுதான் கதை.

2

அவளுக்கு எங்கள் குடியிருப்பில் 'அடிக்குறிப்பு' என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள், அடக்கம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே ஒரு 'ஆனா' வைத்திருப்பாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வரேன்க்கா. ஆனா லிஃப்ட் ஓடினாத்தான்."

"சேலை நல்லாருக்குக்கா. ஆனா இந்த வெளிச்சத்துல."

பிழைப்பும் அதற்கேற்ற பிழைப்புதான். கம்ப்யூட்டர்களுக்கு விளக்கப் பக்கங்கள் எழுதுகிறவள். எந்தப் பக்கத்திலும் எழுதினவர் பெயர் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பு ஓர் இயங்குதளக் (ஆபரேட்டிங் சிஸ்டம்) கம்பெனியில் நாற்பது பேரோடு உட்கார்ந்து எழுதினாள். இப்போது வீட்டிலிருந்தே வேறு கம்பெனிகளுக்கு எழுதுகிறாள்.

அவள் வீட்டுக்காரருக்குப் பெயர் 'ஸ்வெட்டர்'. பயணச்சீட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறைக்குப் பொறுப்பாளர். அந்த அறை எப்போதும் குளிர்பெட்டி மாதிரி இருக்குமாம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் மாடிப்படி இறங்குவார். மனைவி அந்தக் கம்பெனியில் என்ன எழுதினாள் என்று கேட்டால், "பிரிண்டர் பத்தி ஏதோ" என்பார். அவள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குக் கண் சொக்கிவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் பிரிண்டர் வரைக்கும் சொல்லியிருக்கிறாள், அதற்குள் தூங்கிவிட்டார்.

(இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

3

இனி ஒரு பக்கம் பாடம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இது புதிது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் வீட்டுக்குப் பெரிய மனுஷி மாதிரி, யாருக்கு எப்போது எது என்று பங்கு வைப்பது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்று அது கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். நொடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும். கேட்டால் ஒரு வரிசை எண்களாக நீட்டும்.

எனக்குப் புரிந்ததை எங்கள் வாட்ச்மேனை வைத்துச் சொல்கிறேன். என் ஜன்னலிலிருந்து அவரை நானும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கவனிக்கிறேன். நமக்காகக் கேட் திறந்தது இவ்வளவு நேரம். தன் அறையைப் பெருக்கி, லைட் போட்டு, சொந்த வேலை பார்த்தது இவ்வளவு நேரம். சும்மா உட்கார்ந்தது இவ்வளவு நேரம். தண்ணி லாரி வருமென்று காத்து உட்கார்ந்தது இவ்வளவு நேரம்.

கடைசி இரண்டையும் பாருங்கள். நாற்காலி ஒன்றுதான். கொட்டாவியும் ஒன்றுதான். லாரிக்குச் சொல்லியிருந்தால் அது 'காத்திருப்பு', சொல்லாவிட்டால் அது 'சும்மா'.

இப்போது வாட்ச்மேன்கள் மூன்று பேர், லாரி ஒன்று என்று வையுங்கள். காத்திருந்த நேரத்தை யார் பெயரில் எழுதுவது? ஒருவர் பெயரில் எழுதுவேன். அப்புறம் பார்த்தால் அவர் எழுந்துபோய்க் கேட் திறந்திருப்பார். அடித்துவிட்டு இன்னொருவர் பக்கம் எழுதுவேன். ஆக, மற்ற எண்களெல்லாம் ஏறிக்கொண்டே போகும்போது காத்திருப்பு எண் மட்டும் எப்போதாவது கொஞ்சம் இறங்கிவிடும். லாரிக்குப் பதில் டிஸ்க் என்று வைத்தால், கர்னலிலும் ஏறக்குறைய இதே கதைதான்.*

* இந்தப் பிரதியைச் சரிபார்த்துத் தரும்படி அவளிடமே கொடுத்திருந்தேன். இந்த இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "வாட்ச்மேன் உதாரணம் தப்பு. ஆனா 'ஏறக்குறைய'ன்னு போட்டிருக்கீங்க, அதனால விடுறேன்."

4

ஸ்வெட்டரின் அறையில் பழைய டிஸ்க் ஒன்று மண்டையைப் போட்டது. நாற்பது நிமிஷம் யாருக்கும் பயணச்சீட்டு கிடைக்கவில்லை. டிஸ்க்கை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. அத்தோடு போயிருக்க வேண்டியது.

ஆனால் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு விசாரணைக்காரரைக் கூட்டி வந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே தேடுகிற ஆள். (இந்தக் கண்ணாடி என் கற்பனை. அப்படி ஒருவர் இல்லாமல் எந்த விசாரணையும் எனக்கு விசாரணை மாதிரி தெரிவதில்லை.) டிஸ்க் சாகப் போகிறதென்றால் அதற்கு முன்பே எல்லாம் அதற்காகக் காத்துக் கிடந்திருக்கும், காத்திருப்பு எண் எகிறியிருக்கும், பொறுப்பாளர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். ஸ்வெட்டர் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த எண்களைப் பதிந்து வைக்கிறவர். பதிவைத் திறந்தார்கள். ஓரிடத்தில் காத்திருப்பு எண், முந்தின வரியை விட மூன்று குறைந்திருந்தது.

இயங்குதளக் கம்பெனியின் விளக்கப் பக்கமோ, இந்த எண்கள் குறையவே குறையாது என்கிறது. அப்படியானால் எகிறியதை மறைக்க யாரோ கை வைத்திருக்கிறார்கள். பதிவின் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்து விளக்கம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். 'பதிவைத் திருத்தினவர்' என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அப்புறம் எந்த சர்வர் அறையும் அவரைக் கதவுக்கு வெளியேகூட நிற்க வைக்காது.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஓட்டை வழியாக வந்தது இது:

"நீங்க ஒண்ணும் மாத்தலையே?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, கை தவறி…"

"கை தவறி மூணு குறையுமா? குறைக்கிறவன் மூவாயிரம் குறைக்க மாட்டானா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"நீ அதக் கேக்கல. நீ வேற கேக்குற."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

நான் எழுதிப் பார்த்து அடித்த வரி ஒன்று இங்கே கிடக்கிறது: "அவள் அவரை ஒரு நொடிகூடச் சந்தேகப்பட —" பட்டாள். அடித்ததை அப்படியே விட்டுவைக்கிறேன். அவளும் இந்த இடத்தில் சிவப்பு மையை எடுக்கவில்லை.

5

சனிக்கிழமை காலை. அவள் உருளைக்கிழங்கு சீவுகிறாள். விசாரணைக்காரர் அனுப்பிய நோட்டீஸோடு அந்த விளக்கப் பக்கத்தின் நகலும் வந்திருந்தது. ஸ்வெட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். பேசாமல் கிடந்த இரண்டு நாளுக்குப் பிறகு, திட்டுவதற்கு மூன்றாவது ஆள் ஒருவன் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது.

"கேளு. 'மேற்கண்ட எண்கள் அனைத்தும் இயந்திரம் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும். எந்த நிலையிலும் குறையாது.' முற்றுப்புள்ளி. திமிரப் பாரு. எந்த நிலையிலுமாம்! எழுதினவன் எந்த நிலையில இருந்தானோ."

சீவுகிற சத்தம் நின்றது.

"கையில மட்டும் கெடச்சான்னா, என் ரூம்ல ஒரு நாள் பூரா நிக்க வெப்பேன். ஸ்வெட்டர் இல்லாம."

"இன்னொரு தடவ படிங்க."

"எதுக்கு?"

"படிங்களேன்."

படித்தார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

"அப்போ நீங்க மாத்தல," என்றாள்.

"அதத்தானே மூணு நாளா கத்திட்டிருக்கேன்!"

"மாத்தல. நீங்க மாத்தவே இல்ல."

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, அந்த ஓட்டை வழியாக இரண்டும் ஒன்று போலத்தான் வரும். ஸ்வெட்டருக்கும் தெரியவில்லை போல. "என்ன ஆச்சு உனக்கு? தண்ணி குடி," என்றார்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. தப்பு செய்தது தான்தான் என்று தெரிந்ததும் ஒரு மனுஷிக்கு அவ்வளவு பெரிய நிம்மதி வருமா? நான் நம்பவில்லை. இந்த இடத்தில் பாத்திரம் சரியாக வரவில்லை என்று நினைத்து, அவளைக் கொஞ்சம் அழ வைத்து, கொஞ்சம் பயப்பட வைத்து எல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே போடுகிறேன்: "ரெண்டு நாளா அவர் மூஞ்சியப் பாக்க முடியலக்கா. அந்த வரியக் கேட்டதும் அவர் மூஞ்சி பழையபடி ஆயிடுச்சு."

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனியில் துணி எடுக்க வந்தவள், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடிவில், "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றாள். என்னிடம்! வேறு ஆளில்லாமல் எவ்வளவு தவித்திருப்பாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த வரி அவள் எழுதியது. ஆறு வருஷத்துக்கு முன்பு. முதலில் அவள் எழுதியது வேறு மாதிரி. எண்கள் கூடிக்கொண்டே வரும் என்று எழுதி, அதன் கீழே ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தாள்: "ஆனால் காத்திருந்த நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது சில வேளைகளில் குறையும்." அந்தப் பகுதியைச் செய்த பொறியாளரே அவளிடம் உட்கார்ந்து சொன்ன விஷயம் அது. ஆறு வருஷத்தில் மறந்தே போயிருந்தாள், சனிக்கிழமை அந்த வரியைக் காதால் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரம் பார்த்து அவளுடைய மேலாளர், அறைக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேலி செய்தார்.

"உன் பக்கத்தப் படிச்சா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும்மா. ஒரே ஒரு பக்கம், 'ஆனால்' இல்லாம எழுதிக் காட்டு. அந்த ஜன்னலோர சீட்டு உனக்கு."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அப்போது அவள் மேஜையில் இருந்தது இந்தப் பக்கம். அடிக்குறிப்பை எடுத்தாள். எடுத்ததும் வாக்கியம் மொட்டையாக நின்றது. அழகுக்கு 'எந்த நிலையிலும்' என்று சேர்த்தாள்.

"அழகுக்கா?" என்று கேட்டேன்.

"ஓசை நல்லாருந்துச்சுக்கா."

வாழ்நாள் முழுக்க 'ஆனா' சொன்னவள், சொல்லியே தீர வேண்டிய ஒரே இடத்தில் அதை விழுங்கிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.*

* சிவப்பு மை: "ஜன்னல் உண்மைதான். ஆனா அது குப்பைத்தொட்டியப் பாத்த ஜன்னல்."

"சரி, நேராப் போய் நான்தான் எழுதினேன், அது தப்புன்னு விசாரணைக்காரர்கிட்ட சொல்லிடேன்," என்றேன்.

"குத்தம் சாட்டப்பட்டவரோட பெண்டாட்டி வந்து சொன்னா எவன்க்கா நம்புவான்? ரெண்டு பேருமா சேந்து கத கட்டுறாங்கம்பாங்க."

"அப்போ?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. (எனக்கு எந்த மௌனமும் தாங்காது.) பிறகு சொன்னாள்: "அந்த விசாரணைக்காரர் ஆபீஸ்லயும் அதே இயங்குதளம்தான். அவரும் பதிவு வெச்சிருப்பார்."

7

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் ஸ்வெட்டர் அன்று சாயங்காலம் பால்கனியில் நின்று தன் அண்ணனிடம் போனில் அதைச் சொன்ன விதத்தில், மூன்று தெருவுக்கு இனி யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

போனதும் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். இவர், மனைவி சொல்லி அனுப்பியபடியே விசாரணைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"சார், உங்க சொந்த மெஷின் பதிவு இருக்குமில்ல? ஒரு வருஷத்துது?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுல காத்திருப்பு நேரம் எங்கயாவது குறையுதான்னு ஒரு தடவ தேடிப் பாருங்க."

"அது எப்படிக் குறையும்? பக்கத்துலயே போட்டிருக்கே."

"குறையலேன்னா நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுறேன் சார்."

தேடச் சொல்லிவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இல்லை, காத்திருந்தார்கள். ஸ்வெட்டருக்கு அந்த ஏசி அறையிலும் ஸ்வெட்டருக்குள் வியர்த்ததாம். லேப்டாப் ஒரு வரியைக் காட்டியது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் நான்கு இடம். ஒன்றில் ஏழு குறைந்திருந்தது.

விசாரணைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு (என் கண்ணாடிதான், இருக்கட்டும்) மறுபடி பார்த்தார். நிர்வாகத்துப் பெண்மணி கேட்டாராம்:

"இந்தப் பதிவோட சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்," என்றார் விசாரணைக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட மட்டும்தான்."

அவ்வளவுதான். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காபி கொண்டுவரச் சொன்னார்கள். விசாரணைக்காரரே லிஃப்ட் வரைக்கும் வந்து, "அந்தப் பக்கத்த எவன் எழுதினானோ" என்று அலுத்துக்கொண்டாராம். ஸ்வெட்டர் போனில் அண்ணனிடம் சிரித்த சிரிப்பில் என் பால்கனித் தொட்டிச்செடி ஆடியது.

அப்புறம் உள்ளே போய் அவளிடம் கேட்டார். இப்போது ஓட்டை வழியாக:

"ஆமா, குறையும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கயோ படிச்சேன்."

பொய் இல்லை. தான் எழுதி, தானே படித்து, தானே கிழித்தது. அன்று சாயங்காலமே பழைய கம்பெனிக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டாள். புதன்கிழமை ஒரு வரிப் பதில் வந்தது: "சரி, சேர்த்துவிட்டோம்." இன்று போய்ப் பார்த்தால், அந்த எண் சில வேளைகளில் குறையும், நம்ப வேண்டாம் என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு வருஷம் தாமதமாக, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எழுதினது தான்தான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

8

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முடிவு வேண்டுமே!

ஒன்று எழுதினேன்: சாப்பிடும்போது சொல்கிறாள், அவர் சிரித்துவிடுகிறார். ரொம்பச் சீக்கிரம் சிரித்துவிட்டார். இரண்டு நாள் மனைவியின் சந்தேகத்தைச் சுமந்தவர் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பாரா?

இன்னொன்று: அவரே பழைய அலுவலகப் படத்தில் ஜன்னலோரம் அவளைப் பார்த்து — சீ, துப்பறியும் கதை மாதிரி.

இன்னொன்று: சொல்லவே இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க அந்த 'எவனோ'வைத் திட்டிக்கொண்டே, அந்த 'எவனோ' போட்ட காபியைக் குடிக்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி படித்தபோது பிடிக்கவில்லை.

முடிவுக்கு இடம் விட்டு, மீதியை அவளிடம் கொடுத்தேன். "தொழில் விஷயம் சரியான்னு மட்டும் பாரு. வேண்டாம்னா சொல்லு, கிழிச்சுப் போட்டுடுறேன்." கிழிக்க மாட்டேன். சொல்லி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பக் கொண்டுவந்தாள். வாட்ச்மேனில் கை வைத்திருந்தாள், ஜன்னலில் வைத்திருந்தாள், மூன்று ஒற்றுப்பிழை திருத்தியிருந்தாள். 'அந்த வரி அவள் எழுதியது' என்ற இடத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

"இத அவர் படிக்கலாமாக்கா?"

"ஏன், நீயே வாயால சொல்லிடேன்."

"நாலு தடவ ஆரம்பிச்சேன். 'நான்தான் எழுதினேன், ஆனா அந்த மேனேஜர்…' 'நான்தான் எழுதினேன், ஆனா அப்போ எல்லாரும் சிரிச்சாங்க…' எனக்கு 'ஆனா' போடாம சொல்லத் தெரியலக்கா. நீங்க எழுதினதுல 'அந்த வரி அவள் எழுதியது'ன்னு மட்டும் இருக்கு. அவ்ளோதான் சொல்லணும். எனக்கு அது வரல."

முப்பது வருஷமாக ஊர்க்கதை பேசுகிறேன். ஒருத்தி தன் கதையை என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

9

இந்தப் பகுதி அவர்கள் வீட்டுப் பிரதியில் இல்லை. இருக்கவும் முடியாது, இப்போதுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பத்தரை மணி. ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஸ்வெட்டர் வந்து, "அக்கா, எங்கள வெச்சு ஏதோ கிறுக்கியிருக்கீங்களாமே" என்று பிரதியை வாங்கிக்கொண்டு போனார். சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். 'பிரிண்டர் பத்தி ஏதோ' என்ற இடத்தில் "அடப்பாவி!" என்றார். வாட்ச்மேன் வந்தபோது சிரித்தார். விசாரணைக்காரரின் கண்ணாடியை, "இது சுத்தப் பொய்" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு தாள்கள் முன்னுக்குப் பின்னாகப் புரளும் சத்தம். ஆறாம் பகுதிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இப்போது சத்தமே இல்லை.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, அவள் வந்து ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா? நாற்காலி ஒன்றுதான். எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அறையில் அவள் இருக்கிறாள். அவளும் இரண்டில் ஒன்று செய்கிறாள்.

நாற்காலி நகர்கிறது.

"ஏய், இங்க வா."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று என்னால் எழுத முடியும். ஒரே ஒரு சொல் போதும். எந்தச் சொல் போட்டாலும் ஓசை நன்றாகத்தான் இருக்கும். அதனால் போடவில்லை.

"அந்த ஸ்வெட்டரயும் எடுத்துட்டு வா," என்றார் அடுத்தாற்போல். அன்று சொன்னபடியே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளைக் குளிர் அறையில் நிற்க வைக்கப் போகிறாரா, அவளுக்குப் போர்த்தப் போகிறாரா? அவள் கால் சத்தம் வருகிறது, வேகமாக.

நான் ஒரு பழைய துணியைச் சுருட்டிக் குழாய் ஓட்டையில் அடைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. மேற்கொண்டு தெரிய வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.*

* 'முதல் தடவை' தப்பு. இரண்டாவது. போன மழைக்கு ஓட்டை வழியாகக் கரப்பான்பூச்சி வந்தபோதும் அடைத்தேன்.